ஹோஸ் சூடோ என்று கேட்டீர்கள்

எஞ்சினைக் குளிர வைக்க ஊற்றுகிற கூலன்ற்றின் மணம் இனிப்பானது. கராஜ் தரையில் ஒரு கரண்டி அளவு சிந்தினாலே போதும், யாரோ சீனிப்பாகு காய்ச்சி அடிப்பிடிக்க விட்டதுபோல வீட்டுக்குள் வந்துவிடும். போன சனிக்கிழமை காலை புதுக் கலனின் மூடியைத் திருகித் திறந்தபோது அந்த மணம் மூக்கில் ஏறியது. உங்கள் நினைவு வந்தது. அன்பாக வரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போனவர்களைப் பற்றி நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த கல்வெட்டு நினைவுப் புத்தகத்தில் அந்த வழக்கத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. அன்புக் கணவர், பண்பாளர், நகைச்சுவை உணர்வு மிக்கவர். உங்கள் நண்பர் குகன் அண்ணைதான் எழுதித் தந்தார். நான் எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தேன். எனவே இந்த மடலில் மற்றதை எழுத எனக்கு இடம் இருக்கிறது.

மோர்னிங்சைட்டில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்ற் உங்களுக்கு நினைவிருக்கும். ஏழாம் மாடி. கீழே இறங்கினால் தமிழ்க் கடை, பஸ், நடந்து போகிற தூரத்தில் என் அக்கா வீடு. எனக்கு அங்கே ஒரு குறையும் இருக்கவில்லை. உங்களுக்குக் கராஜ் தேவைப்பட்டது. அதனால் விட்பிக்குப் போனோம். ஒன்றுபோல இருக்கும் புது வீடுகளின் வரிசையில், பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாமலே இரண்டு வருடம் இருந்தேன். நீங்கள் மிசிசாகாவில் விமான நிலையத்தில் பயணப் பெட்டிகள் ஓடும் பட்டிகளைத் திருத்தும் வேலைக்குக் காரில் போனீர்கள். நான் ரயில் பிடித்து யூனியன் நிலையத்துக்குப் போய், ஒரு சட்ட அலுவலகத்தில் கோப்புகளை ஸ்கான் செய்தேன். போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம்.

பிறகு, நீங்களே பொருத்திக் கட்டப்போகிற அந்தக் கார் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. இரும்புச் சட்டம், பைபர் உடம்பு, நூற்றுக்கணக்கான போல்ற் பைகள். எஞ்சினை மட்டும் பழைய கார் உடைக்கும் இடத்திலிருந்து குகன் அண்ணையோடு போய்க் கொண்டுவந்தீர்கள். இரண்டு பேர் இருக்கக்கூடிய, கூரை இல்லாத கார். எங்கள் வீட்டில் மகளோடு மூன்று பேர். பெட்டிகளைப் பிரித்த அன்று நீங்கள் நல்ல சந்தோசத்தில் இருந்தீர்கள். "உமக்கு என்ன நிறம் விருப்பம்?" என்று என்னைக் கேட்டீர்கள். கலியாணமாகி இருபது வருடத்துக்குப் பிறகு ஒருவர் என் விருப்பத்தைக் கேட்கிறார் என்று நான் உண்மையாகவே யோசித்து, நீலம் என்றேன். சிவப்பு அடித்தீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "கேட்டனான்தானே. செய்யிறன் எண்டு சொன்னனானோ?" என்றீர்கள். அதைப் பிறகு எத்தனையோ வீடுகளில் பகிடியாகச் சொல்லியும் விட்டீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒன்பது வருடம் நான் லைற் பிடித்தேன். ஆட்களுக்கு முன்னால் என்னை 'நீர்' என்பீர்கள். கராஜ் கதவு இறங்கியதும் 'நீ' ஆகிவிடுவேன். "இடது பக்கம் காட்டு எண்டால் என்ர இடது. உன்ர இடதில்லை." "கை நடுங்காமல் ஒரு லைற் பிடிக்க இன்னும் எத்தினை வருசம் வேணும் உனக்கு?" கை நடுங்கியது நீங்கள் பேசியதால்தான். நான் அதைச் சொல்லவில்லை, நீங்களும் அதைக் கேட்கவில்லை.

அக்காவின் மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டு நாளை நான் மறக்கவில்லை. பிரம்டனில் மண்டபம். நான் பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, கைப்பையோடு கராஜ் வாசலில் வந்து நின்றேன். முந்தின நாள் நான் கைதவற விட்ட ஒரு நட்டை நீங்கள் அப்போதும் தேடிக்கொண்டிருந்தீர்கள். "அது கிடைக்காமல் நான் இந்த வீட்டை விட்டு வெளிக்கிடமாட்டன்" என்றீர்கள். அந்த நாளில் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, சீமெந்துத் தரையில் வயிறு படக் கிடந்து, காந்தத் தடியால் துழாவினேன். இரண்டு மணித்தியாலம். மண்டபத்துக்குப் போனபோது ஆலத்தி முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நட்டு உங்கள் காற்சட்டைப் பையில் இருந்தது. அது அங்கேதான் இருக்கிறது என்று உங்களுக்கு எப்போது தெரியவந்தது என்பதை மட்டும் நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லை.

ஆனால் ஒன்பது வருடம் லைற் பிடிக்கிறவளுக்குக் கண் இருக்கும். கார்க் கொம்பனி அனுப்பிய தடித்த புத்தகத்தை நீங்கள் ஆடுகிற மேசையின் காலுக்குக் கீழே செருகி வைத்திருந்தீர்கள். வேலை தெரியாதவனுக்குத்தான் புத்தகம் என்பது உங்கள் கட்சி. நான் அந்த இடத்தில் ஒரு பலகைத் துண்டை வைத்துவிட்டு, புத்தகத்தை என் பையில் போட்டுக்கொண்டேன். ரயிலில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். அது மேசைக்குக் கீழே இல்லை என்பதை நீங்கள் கடைசிவரை கவனிக்கவில்லை.

எஞ்சினைக் குளிர வைக்கிற அத்தியாயத்தை மூன்று தரம் படித்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது. எஞ்சினுக்குள்ளும் ரேடியேற்றருக்குள்ளும் கூலன்ற் கலந்த தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். புதிதாக நிரப்பும்போது உள்ளே காற்று அகப்படும். காற்று எப்போதும் மேட்டைத் தேடிப் போகும். ஆகவே தண்ணீர் நிரப்பும் தாங்கி, அந்தச் சின்னத் தொட்டி, எல்லாவற்றையும் விட உயரத்தில் நிற்க வேண்டும். இந்தக் காரில் தாங்கி மூக்குப் பக்கம் இருக்கிறது. அதனால் முன்பக்கத்தை நன்றாக உயர்த்தி வைத்துக்கொண்டுதான் நிரப்பவும் எயாரை, அந்தக் காற்றை, வெளியே எடுக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் காற்று எஞ்சினின் தலைக்குள்ளே தங்கிவிடும், தண்ணீர் சுற்றாது. அதைவிட மோசமான ஒன்றையும் புத்தகம் சொன்னது. சூடு காட்டும் மீற்றரின் முனை தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியான சூட்டைக் காட்டும். காற்றுக்குள் நின்றால், எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருந்தாலும் மீற்றர் ஒன்றும் நடக்காததுபோல நிற்கும். எனவே மீற்றரை நம்பாமல், ரேடியேற்றருக்குப் போகும் ஹோஸைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அது சூடாகாவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

கார் முடிகிற நேரத்தில் உங்களுக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தது. டாக்குத்தர் மாதக்கணக்கில்தான் பேசினார். நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த எஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்க வேண்டும், அந்தக் காரில் ஒருதரம் தெருமுனை வரை போய் வர வேண்டும். குகன் அண்ணை வந்தார். மகள் நிலானி மிசிசாகாவிலிருந்து வந்தாள். இலைகள் சிவந்து கொட்டுகிற ஒரு காலை. உங்களைக் கம்பளியால் சுற்றி, கராஜுக்கு முன்னால் டிரைவ்வேயின் ஓரம் தோட்டக் கதிரையில் இருத்தினோம். காரை மூவரும் வெளியே தள்ளினோம். எங்கள் டிரைவ்வே தெருவை நோக்கிச் சரிந்து போகிறது. காரின் மூக்கும் தெருப் பக்கம், அதாவது கீழே.

நான் சொன்னேன். அதை நீங்கள் மறுக்க முடியாது.

"மூக்கு கீழ நிண்டா எயார் உள்ளுக்கே நிண்டிடும். காரைத் திருப்பிப்போட்டு முன்பக்கத்தை ஜாக்கில ஏத்துவமே?"

நீங்கள் குகன் அண்ணையைப் பார்த்தீர்கள். "கேட்டீரே குகன்? ஸ்கான் அடிக்கிறவ எனக்கு எஞ்சின் படிப்பிக்கிறா."

குகன் அண்ணை சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, உங்களோடு சிரித்துப் பழகிவிட்டவர். நீங்கள் என்னிடம் திரும்பினீர்கள். முகத்தில் எலும்பு மட்டும்தான் மிச்சம். குரலில் ஒரு குறையும் இல்லை.

"சொன்னதைச் செய். மூளையைப் பாவிக்காதை. அது உனக்குப் பழக்கமில்லாத சாமான்."

மகள் "அப்பா, ஸ்ரொப்" என்றாள். நான் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டி, விடு என்றேன். எனக்குக் கோபம் வரவில்லை. சரி, சொன்னதை மட்டும் செய்வோம் என்று நினைத்தேன். அவ்வளவு அமைதியாக நான் அந்த வீட்டில் இருந்ததே இல்லை.

ஊற்று என்றீர்கள், ஊற்றினேன். எஞ்சினின் மேலே காற்று வெளியேற ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது. திற என்றீர்கள், திறந்தேன். மூச்சு விடுவதுபோல ஒரு சீறல், பிறகு பச்சையாய் மூன்று துளி. குமிழி இல்லாமல் ஒரே ஒழுக்காக வரும்வரை திறந்து வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். "காணும், பூட்டு" என்று அந்த மூன்று துளியோடு நிறுத்தினீர்கள். பூட்டினேன்.

உங்களால் காலைத் தூக்கி உள்ளே வைக்க முடியாது என்பதால் என்னை ஏறச் சொன்னீர்கள். ஒன்பது வருடத்தில் அந்த இருக்கையில் நான் இருந்தது அதுதான் முதல் தரம். சாவித் துளையில் திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் ஓடத் தொடங்கியது. உங்கள் கண் கலங்கியது. குகன் அண்ணை போனில் படம் பிடித்தார்.

கால் மணித்தியாலம் ஓடவிட்டுக் கேட்டீர்கள். "மீற்றர் எவ்வளவு?"

"எழுபது."

"பாத்தீரே குகன்? சொன்னனானெல்லோ." பிறகு எனக்கு: "இறங்கிப் போய் ஹோஸைத் தொட்டுப் பார். சூடோ?"

இறங்கினேன். மூடி கழற்றியிருந்த முன்பக்கத்துக்குள் குனிந்து ரேடியேற்றருக்குப் போகிற ஹோஸில் கையை வைத்தேன். அது குளிர்ந்திருந்தது. குழாய்த் தண்ணீர்போலக் குளிர்ச்சி. அதற்கு ஒரு முழம் தள்ளி எஞ்சினிலிருந்து அனல் என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. புத்தகத்தின் பக்கம் கண்ணுக்கு முன்னால் வந்தது. உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும் என்ற வரி தடித்த எழுத்தில் இருந்தது.

"சூடோ எண்டு கேட்டனான்."

"ஓம்," என்றேன். "நல்ல சூடு."

"ஏறு. மூவாயிரத்தில பிடி."

ஏறி, சுற்றுக் காட்டும் முள் மூவாயிரத்துக்குப் போகும்வரை காலை அழுத்தினேன். முதலில் ஒரு டிக் டிக் என்ற சத்தம். பிறகு ஒரு இரும்பு முனகல். தாங்கியின் மூடியைத் தள்ளிக்கொண்டு பச்சைத் தண்ணீரும் ஆவியும் ஆள் உயரத்துக்கு எழும்பின, பின்னால் குழாயிலிருந்து வெள்ளைப் புகை. தெருவுக்கு அந்தப் பக்கம் இலை கூட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "ஓஃப் பண்ணு" என்று கத்தினீர்கள். கத்திக்கொண்டே எழும்பப் பார்த்து, கம்பளி காலில் சிக்கி, கையும் முழங்காலும் தரையில் அடிபட விழுந்தீர்கள். இரண்டாம் தரம் கத்தியபோதுதான் திறப்பைத் திருப்பினேன். முதல் தரமே எனக்குக் கேட்டது.

குகன் அண்ணை தூக்க வந்தார். நீங்கள் அவர் கையைத் தட்டிவிட்டு, நாலு காலில் தவழ்ந்து வந்து காரைப் பிடித்தீர்கள். நான் இருந்த பக்கம்தான். கை எட்டுகிற தூரம். "மன்னிச்சுக்கொள்," என்றீர்கள். "நான்தான் பிழை விட்டிட்டன்." முப்பது வருடம் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தவள் நான். பிறகு பார்த்தேன், நீங்கள் சிவப்புப் பெயின்றைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். காரிடம்தான் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு பதினொரு நாள். சாகப்போகிறவர்களைப் பராமரிக்கிற ஹொஸ்பிஸில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். துடைத்தேன், வாய் நனைத்தேன், திருப்பிப் படுக்க வைத்தேன். வந்தவர்கள் என் பொறுமையைப் புகழ்ந்தார்கள். நான் எதற்காகக் காத்திருந்தேன் என்று அவர்களுக்குத் தெரியாது. உங்களிடம் சொல்வதற்காகத்தான். ஹோஸ் குளிர்ந்திருந்தது, எனக்கு அப்போதே தெரியும் என்று சொல்ல வேண்டும். வசனத்தைக்கூட அடுக்கி வைத்திருந்தேன். ஆனால் வலி மருந்தின் மயக்கத்தில் கிடக்கிற ஆளிடம் சொல்லி என்ன பிரயோசனம்? அது நோக வேண்டும். நோகக்கூடிய அளவுக்கு நீங்கள் தெளிவாக இருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைவிட மென்மையாக எழுத வேறு வழி இருந்தால் எழுதியிருப்பேன்.

ஒன்பதாம் நாள் தெளிந்தீர்கள். கண் என்னை நேராகப் பார்த்தது. கதிரையை அருகே இழுத்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"நேர்ஸைக் கூப்பிடு. நீ தலகணி வைச்சா கழுத்து நோகுது."

கூப்பிட்டேன். அவர் வந்து தலையணையைச் சரியாக வைத்தார். நீங்கள் அவருக்கு நன்றி சொன்னீர்கள். அதற்குப் பிறகு கண் திறக்கவில்லை.

உங்கள் காரியங்கள் முடிந்ததும் குகன் அண்ணை வந்து, "தங்கச்சி, காரை நான் எடுத்துக்கொண்டு போய்த் திருத்துறன்" என்றார். நான் திருத்துகிறேன் என்றேன். சிரிக்கத் தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பனிக்காலம் முழுதும் கராஜில் ஒரு ஹீற்றரை வைத்துக்கொண்டு எஞ்சினின் தலையான ஹெட்டைக் கழற்றினேன். மயிரிழை அளவு வளைந்திருந்தது. ஸ்காபரோவில் ஒரு பட்டறையில் சமன் செய்து வாங்கினேன். இடையில் புதுக் காஸ்கற் தகடு போட்டு, புத்தகம் சொன்ன ஒழுங்கில் ஒவ்வொரு போல்ற்றாக முறுக்கினேன். உங்கள் ஞாபகமாகச் செய்கிறேன் என்று அக்கா எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார். நான் சொன்னதுதான் சரி என்று பார்க்கத்தான் செய்தேன். அதைப் பார்க்க உலகத்தில் ஒருவரும் இல்லாவிட்டாலும் எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

போன சனிக்கிழமை அதற்கான நாள். நிலானி வந்திருந்தாள். காரைத் திருப்பி, மூக்கு வீட்டுப் பக்கம், மேட்டில் நிற்க வைத்தோம். முன்பக்கத்தை ஜாக்கில் ஏற்றி இரும்பு முட்டுக்கால்கள் வைத்தோம். மெல்ல மெல்ல ஊற்றினேன். ஊற்றி நிறுத்தி, ஹோஸ்களைக் கையால் பிசைந்தேன். குளுக் குளுக்கென்று காற்று மேலேறி வந்தது. திருகாணியைத் திறந்தபோது நுரை வந்தது, பிறகு துப்பித் துப்பி வந்தது, பிறகு நூல்போல ஒரே ஒழுக்கு. அப்போதுதான் பூட்டினேன். மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டோம். மீற்றர் எண்பதைத் தாண்டியதும் உள்ளே சூட்டுக்குத் திறக்கிற வால்வு திறந்திருக்க வேண்டும், தாங்கியில் தண்ணீர் சட்டென்று இறங்கியது. திரும்ப ஊற்றினேன். ஹோஸைத் தொட்டேன். சுட்டது, கையை இழுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் காற்றாடி தானாகச் சுற்றத் தொடங்கியது. அவ்வளவுதான். ஒரு மணித்தியால வேலை.

நான் சந்தோசப்பட்டேன். அதை மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சினை நிறுத்தியதும் சொன்னாள்.

"அம்மா, அப்பா என்னட்ட ஒண்டு கேட்டவர். ஹொஸ்பிஸ்ல, முதல் ரெண்டு மூண்டு நாளுக்குள்ள. நீங்க சாப்பிடப் போன நேரம்."

"என்ன கேட்டவர்?"

"அண்டைக்கு அம்மா உண்மையா ஹோஸைத் தொட்டுப் பாத்தவவோ எண்டு. தெரிஞ்சுகொண்டு செய்திருப்பாவோ எண்டு."

நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். "நீ என்ன சொன்னனி?"

"நோ வே, அப்பா எண்டன். அம்மாக்குக் காரைப் பற்றி ஒண்டுமே தெரியாது, நீங்க கத்தினதில பயந்து ஓம் எண்டிட்டா எண்டன்."

"அதுக்கு அவர்?"

"ஓம், அவளுக்கு என்ன விளங்கும் எண்டார். லேசாச் சிரிச்சார். ஹி லுக்ட் ரிலீவ்ட், அம்மா. பிறகு நித்திரையாப் போயிட்டார்."

"உனக்குத் தெரியுமோ, நிலா?"

அவள் முன்பக்கத்துக்குள் இருந்த ஹோஸைப் பார்த்தாள். "அண்டைக்கு உங்கட கையைப் பாத்தனான். சூடான ஹோஸில ஒருத்தரும் அவ்வளவு நேரம் கை வைச்சிருக்கமாட்டினம்."

பிறகு என்னைக் கட்டிப்பிடித்தாள். தகப்பன் நிம்மதியாகப் போக வேண்டும், தாயின் பெயரும் கெடக்கூடாது என்று யோசித்துச் சொல்லியிருக்கிறாள். நல்ல பிள்ளை. நான் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. அவள் பிடியில் மரம்போல நின்றேன். அவள் மேல் எனக்கு வந்த கோபத்தை அவள் அறியாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

சாகப்போகிற ஒருவரின் கடைசி ஆசையை ஒரு சொல்லால் கெடுத்தவள் நான். அதற்கான துக்கம் ஒருநாள் வரும் என்று இருக்கிறேன். இதுவரை வரவில்லை. வந்திருப்பது வேறு. நீங்கள் மகளிடம் கேட்ட கேள்விதான் நாள் முழுக்க என்னோடு வருகிறது, ரயிலிலும் வருகிறது, ஸ்கான் மெசினுக்கு முன்னாலும் நிற்கிறது. இவள் தெரிந்துகொண்டு செய்திருப்பாளோ என்று கொஞ்ச நேரமாவது நினைத்திருக்கிறீர்கள். என்னால் அப்படி ஒன்று முடியும் என்று முப்பது வருடத்தில் நீங்கள் எண்ணியது அந்த ஒருதரம்தான். அந்த மதிப்பும் எங்கள் மகளின் ஒரு வசனத்தோடு போய்விட்டது. நீங்கள் பழையபடி சிரித்துவிட்டு, நிம்மதியாக நித்திரைக்குப் போய்விட்டீர்கள்.

என்னிடம் கேட்டிருக்கலாம். பதினொரு நாளும் நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன்.